தகடு மிஷினில் ஒரு துருப்புள்ளி: நாலு வருட அனுபவம்

என் தகடு மிஷினில் இரண்டு எஃகு உருளைகள் உண்டு; நடுவே செம்பையோ வெள்ளியையோ விட்டு உருட்டினால் தகடாக நசுங்கி வரும். போன வாரம் அந்த உருளைகள் இரண்டையும் கழற்றி, கோவை கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் கிரைண்டிங் போட்டு வாங்கி வந்தேன். கூலி 3,800 ரூபாய். அன்றைக்குச் சாயங்காலமே, என்னிடம் கம்மல் செய்யப் பழகுகிற பெண் போன் போட்டு, "அக்கா, நானும் இந்த மிஷின் ஒண்ணு வாங்கட்டுங்களா?" என்றாள். போனில் சொல்லி முடியாததால் எழுதுகிறேன்.

மோட்டார் காயில் கட்டும் கடைகளில் மிஞ்சுகிற செம்புக் கம்பி, பாத்திரக்காரர் வெட்டிப் போட்ட பித்தளை ஓரம், அறுந்த வெள்ளிக் கொலுசு. என் கம்மலும் பதக்கமும் இவற்றில்தான் பிறக்கின்றன. காயில் கம்பியின் எனாமலைச் சுரண்டி எடுத்த பிறகே நெருப்பில் காட்டுவேன். அப்படியே எரித்தால் வரும் புகை ஆகாது. கொலுசை உருக்கும் முன், பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடங்களை நறுக்கித் தனியே வைத்துவிடுவேன். பொடியில் துத்தநாகம் இருக்கும். கலந்து உருக்கினால் தகடாக்கும்போது ஓரமெல்லாம் வெடிக்கும். இந்த வேலைகளில் மிஷின் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை. பல் சக்கரம் இன்றும் புதிதுபோலச் சுற்றுகிறது.

ஆனால் அந்தப் புள்ளி!

வாங்கி இரண்டாவது வருடம், ஐப்பசி மழை. முறுக்கிய செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, துணியால் துடைத்து மிஷினில் விட்டேன். முறுக்குக்குள் ஈரம் நின்றது தெரியவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பினால், மேல் உருளையில் கடுகளவு துரு. எண்ணெய் விட்டுத் தேய்த்ததில் நிறம் போனது, குழி போகவில்லை. அதன்பின் எந்தத் தகட்டை விட்டாலும், உருளை ஒரு சுற்று சுற்றுகிற ஒவ்வொரு 15, 16 செ.மீ.க்கும் ஒரு பரு. இரண்டு வருடம் அந்தப் பருவை அரத்தால் தேய்த்தேன். எஃகு உருளைக்கு ஈரம் எமன் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட வந்த தாளிலும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரு விழாமலிருக்கத் தகட்டின் மேல் ஒருநாள் கெட்டிக் காகிதம் வைத்து உருட்டினேன். காகிதத்தின் சொரசொரப்பு அப்படியே செம்பில் ஏறி வந்தது. அடுத்து, நரம்பு மட்டும் மிஞ்சிய அரசிலைச் சருகு. காய்ச்சி ஆறவைத்து மெதுவாக்கிய செம்புத் தகட்டில் இலையை வைத்து, மேலே ஒரு பித்தளைத் தகட்டை மூடி, ஒரே இழுப்பில் உருட்ட வேண்டும். இரண்டாம் முறை விட்டால் கோடு இரட்டித்துவிடும். பிரித்துப் பார்த்தபோது முடியளவு நரம்புகூட விடாமல் பதிந்திருந்தது. அப்புறம் பழைய ஜரிகைக் கரை, லேஸ் துண்டு, கொசுவலை என்று வீட்டில் எதையும் விடவில்லை. புளித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, மேட்டை மட்டும் மெருகேற்றினால் பள்ளம் கொஞ்ச நாளில் தானாகவே கறுக்கும். எந்த உளியும் கொடுக்காத வேலை அது. என்னிடம் முதலில் விற்றுப்போவது இலைக் கம்மல்தான். கொக்கி மட்டும் வெள்ளியில் வைப்பேன். செம்பு வியர்வையில் பச்சை பிடிக்கும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் பதில், வாங்காதே கண்ணு என்பதுதான். தினமும் வேலை முடிந்ததும் உருளையைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவி, துணி போர்த்த மனசும் நேரமும் இருந்தால் மட்டும் ஒரு வருடம் கழித்துப் பேசலாம். இப்போதைக்குச் சுத்தியலும் பட்டடையும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை உன் செம்புத் துண்டுகளை எடுத்துக்கொண்டு இங்கே வா. அரசிலை காயவைத்திருக்கிறேன். மிஷினைத் தொடும் முன் கையை மட்டும் நன்றாகத் துடைத்துக்கொள்.