கவிஞரே எழுதிய உரையோடு: ‘தர்ஜுமான் அல் அஷ்வாக்’ மறுஅச்சு

சூஃபி ஞானி முஹ்யித்தீன் இப்னு அரபியின் ‘தர்ஜுமான் அல் அஷ்வாக்’ (ஏக்கங்களின் மொழிபெயர்ப்பாளர்) என்னும் அரபுக் காதல் பாடல் தொகுப்பை ஆங்கிலேய அறிஞர் ஆர். ஏ. நிக்கல்சன் 1911இல் லண்டனில் பதிப்பித்தார். அரபு மூலம், சொல்லுக்குச் சொல்லான ஆங்கில மொழிபெயர்ப்பு, கவிஞரே எழுதிய உரையின் சுருக்கம் ஆகிய மூன்றும் அடங்கிய அந்தப் பதிப்பின் மலிவு விலை மறுஅச்சு ஒன்றை அண்மையில் இணையத்தில் வாங்கினேன்.

1202இல் மக்காவுக்குச் சென்ற இப்னு அரபி, இஸ்ஃபஹானைச் சேர்ந்த அறிஞர் ஒருவரின் மகளான நிஜாமை அங்கே அறிந்தார். அந்தப் பெண்ணின் நினைவைத் தாங்கியவை இதிலுள்ள 61 பாடல்கள். இவற்றில் இறை இரகசியம் எதுவுமில்லை என்று அலெப்போவில் மார்க்க அறிஞர் ஒருவர் பேச, மாணவர் இருவர் வேண்டிக்கொண்டபடி தம் பாடல்களுக்குத் தாமே உரை செய்தார் இப்னு அரபி.

இஷாரா என்றால் சுட்டுதல், இபாரா என்றால் வெளிப்படக் கூறுதல். ‘எங்கள் கல்வி இஷாரா, இபாராவாகிவிட்டால் அது மறைந்துபோகும்’ என்பது சூஃபிகளிடையே வழங்கும் பழைய வாக்கு. அதன்படி பார்த்தால், பாடல்களைக் காக்க வந்த இந்த உரையே அவற்றை மறைத்துவிடக்கூடும் என்ற ஐயத்தோடுதான் புத்தகத்தைத் திறந்தேன்.

ஐயம் பாதிதான் மெய்யானது. இரண்டாம் பாடலில், பிரிவு நாளன்று ஒட்டகங்களின்மேல் மயில்களை ஏற்றிய பிறகே பயணம் புறப்படுகிறது. ஒட்டகங்கள் என்பவை மனிதரின் செயல்கள், மயில்கள் அச்செயல்களின் உயிர், உயிரற்ற செயல் ஏற்கப்படுவதில்லை என்கிறது உரை. பொருள் நயமானதுதான், ஆனால் அதைப் படித்த பிறகு மயிலின் தோகை என் கண்ணுக்குத் தெரியவில்லை. புகழ்பெற்ற பதினோராம் பாடலிலோ கதை வேறு. மான்களுக்கு மேய்ச்சல் நிலமாகவும், துறவியருக்கு மடமாகவும், யாத்திரிகருக்குக் கஅபாவாகவும் ஆகிவிட்ட இதயத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், ‘கல்ப்’ என்ற இதயத்தின் பெயரே ‘தகல்லுப்’ என்னும் மாறுதலிலிருந்து வந்தது என்று காட்டுகிறார். அந்த ஒரு சொல்லாராய்ச்சி பாடலை மூடவில்லை, மேலும் திறந்துவிடுகிறது. அடுத்த வரியிலேயே, காதலுக்குரியோரைத் துறவியர் என்றதால் இதயத்தை மடம் என்றேன் என்று எழுதும்போது, பள்ளிக்கூடக் கோனார் உரை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஆழ்வார் பாடல்களில் பாடுபவர் பெண்ணாகி இறைவனுக்கு ஏங்குவார். இங்கே ஏங்குபவன் ஆண், ஏங்கப்படுவது பெண்ணுருவம். இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக விளித்துப் பாடிய தமிழ் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபைப் படித்தவர்களுக்கு இந்தத் திருப்பம் புதிதன்று. அவரை நாம் பெரும்பாலும் ஆசிரியரின் உரையில்லாமலேயே படித்துப் பழகியிருக்கிறோம்.

நூலின் அமைப்பு இதற்கு ஒத்துழைக்கிறது. ஒவ்வொரு பாடலின் மொழிபெயர்ப்பும் முடிந்த பின்னரே வரி எண்ணிட்ட உரை வருவதால், அங்கே ஒரு தாளை வைத்து மறைத்துக்கொண்டு பாடலை மட்டும் முதலில் படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன்.

குறை, அச்சில் இருக்கிறது. பழைய பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்திருப்பதால் அரபு எழுத்துகளின் புள்ளிகள் பல இடங்களில் அழிந்துபோய், சொல்லின் நடுவில் வரும் ‘பே’க்கும் ‘தே’க்கும் ‘நூனு’க்கும் வேறுபாடு தெரிவதில்லை. அரபு மூலத்துக்காக வாங்குபவர்கள் வேறு பதிப்பைத் தேடுவது நல்லது. ஆங்கிலப் பகுதி தெளிவாகவே இருக்கிறது.