சிப்பியா, ஷிடாகேயா, மொட்டா: சிங்கப்பூர் வீட்டுக்கு எந்தக் காளான்?

என் அம்மாவுக்கு வயது 71. தேக்கா சந்தையில் கீரை, முருங்கைக்காய், வெண்டைக்காய் என்று கூடை நிறைய வாங்குவார். காளான் பக்கம் மட்டும் திரும்பமாட்டார். "மழை பெஞ்சா முளைக்கிறதை எல்லாம் எடுத்துச் சமைக்கணுமா?" என்று கேட்பார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வை அவருக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் அது மாறியது.

2019இல் வெளியான ஆய்வு அது. இங்கேயே வாழும் 60 வயதைத் தாண்டிய 663 பேரின் உணவுப் பழக்கத்தையும் நினைவாற்றலையும் ஃபெங் லெய் தலைமையிலான குழு பார்த்தது. வாரத்துக்கு இரண்டு பரிமாறலுக்கு மேல் சமைத்த காளான் சாப்பிட்டவர்களிடம், லேசான அறிவாற்றல் குறைபாடு இருக்கும் வாய்ப்பு சுமார் பாதியாக இருந்தது. ஒரு பரிமாறல் என்றால் ஏறத்தாழ 150 கிராம், முக்கால் கோப்பை அளவு. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது மக்களைக் கவனித்துச் செய்த ஆய்வு. பாதிப் பேருக்குக் காளான் கொடுத்து, மீதிப் பேருக்குக் கொடுக்காமல் செய்த சோதனை அல்ல. அதனால் காளான்தான் மறதியைத் தடுத்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு தட்டு வறுவல் சாப்பிட அதுவே போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றியது.

எந்தக் காளான் என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை. சிப்பி, ஷிடாகே, வெள்ளை மொட்டு, ஊசி ஊசியாக இருக்கும் தங்கக் காளான், உலர்ந்தது, டின்னில் அடைத்தது என்று ஆறு வகையையும் சேர்த்தே எண்ணியிருந்தார்கள். ஆகவே வளர்ப்பது, சத்து, சமையல் மூன்றையும் வைத்து நானே ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓராண்டாக வீட்டில் வளர்த்தும் பார்க்கிறேன்.

வளர்ப்பதில் யார் முன்னால்?

மொட்டுக் காளானை வீட்டில் வளர்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பக்கத்து விவசாயிகள் வளர்க்கத் தொடங்கியது இது. பிறகு அங்கேயே சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் இடம் மாறியது, உள்ளே ஆண்டு முழுவதும் குளிர்ச்சி இருந்ததால். இதற்குக் கோதுமை வைக்கோலும் கோழி எருவும் ஜிப்சமும் சேர்த்து மட்கவைத்த உரம் வேண்டும். அந்த வேலை நடக்கும்போது அம்மோனியா நெடி தாங்காது. அதன் மேல் ஒரு மண் அடுக்கு போட வேண்டும். பிறகு 16 முதல் 18 டிகிரி வரை குளிர். நீலகிரியில் நன்றாக வரும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் நடக்காது. பழுப்பு கிரிமினி, பெரிய போர்ட்டோபெல்லோ எல்லாம் இதே இனம்தான். நிறமும் வயதும்தான் வேறு, விலை மட்டும் ஏறிவிடுகிறது.

ஷிடாகேவுக்குப் பொறுமை வேண்டும். பழைய முறையில் ஓக் போன்ற கடின மரக் கட்டைகளில் துளையிட்டு, காளான் வளர விதைபோல் போடும் வித்தை அடைப்பார்கள். இப்போது பெரும்பாலும் மரத்தூள் கட்டிகள். வேர்போல் படரும் காளானின் பூசண இழை உள்ளே பரவி, கட்டியின் மேல் பழுப்புத் தோல் படியவே மாதங்கள் ஆகும். பிறகு குளிர்ந்த நீரில் ஊறவைத்து அதிர்ச்சி கொடுத்தால்தான் காளான் முளைக்கும். நம் ஊர் வெப்பத்தில் குளிர்சாதனம் இல்லாமல் இது சிரமம்.

சிப்பிக் காளான் அப்படியில்லை. வைக்கோல், மரத்தூள், காப்பிச் சக்கை என்று எதைக் கொடுத்தாலும் தின்று வளரும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் உணவுத் தட்டுப்பாட்டுக்காக மரக்கட்டைகளில் வளர்க்கத் தொடங்கினார்கள் என்பதிலிருந்தே அதன் இயல்பு தெரியும். வெப்பம் தாங்கும் சிப்பி வகைகள் 25, 28 டிகிரியிலும் காய்க்கும். நம் காற்றில் ஈரப்பதத்துக்கும் குறைவில்லை.

என் முதல் முயற்சி தோற்றது. புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் சக்கையை வாங்கி வந்து, வாளியிலேயே இரண்டு நாள் வைத்துவிட்டு வித்தைக் கலந்தேன். ஐந்தாம் நாள் பைக்குள் பச்சைப் பூஞ்சை. சக்கையை அன்றைக்கே, வெந்நீரின் சூடு ஆறியதும் பயன்படுத்திவிட வேண்டும். நாளானால் வேறு பூஞ்சைகள் முந்திக்கொள்ளும். பச்சை தெரிந்த பையை வீட்டுக்குள் திறக்கவே கூடாது. அப்படியே கட்டிக் குப்பையில் போட்டேன்.

அடுத்த முறை உள்ளூர்ப் பண்ணையிலிருந்து, இழை முழுக்கப் பரவிய மரத்தூள் பை ஒன்று வாங்கினேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே சொல்வேன். துணி துவைக்கும் இடத்தில், நேர் வெயில் படாத மூலையில் வைத்து, பிளேடால் ஒரு கீறல் போட்டு, நாளுக்கு மூன்று தடவை நீர் தெளித்தேன். எட்டாம் நாள் கீறலில் கடுகு கடுகாகச் சாம்பல் நிற மொட்டுகள். மறுநாள் காலை அவை பட்டாணி அளவு. அதற்கு அடுத்த நாள் குடை தெரிந்தது. ஒரு தடவை காலையில் பார்த்ததும் இரவில் பார்த்ததும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். குடையின் விளிம்பு தட்டையாக விரிவதற்கு முன்பே கொத்தாகத் திருகி எடுத்துவிட வேண்டும். விட்டால் குடைக்கு அடியிலிருந்து வெள்ளைப் பொடியாக நுண்வித்துகள் கொட்டும். எங்கள் துவைக்கும் இயந்திரத்தின் மேல் மாவு தூவியதுபோல் கிடந்தது. அந்த நுண்வித்துகளை நாள்கணக்கில் சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் வளர்க்காமல் வாங்கிச் சாப்பிடுவதே மேல்.

பால் காளானைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மேற்கு வங்கத்தில் கண்டெடுத்து 1974இல் அறிவியல் பெயர் சூட்டிய இனம் இது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்ட பிறகு தமிழகத்தில் பரவியது. 30 முதல் 35 டிகிரி வெயில்தான் அதற்குப் பிடிக்கும். கட்டியான தண்டு, வெள்ளை வெளேர் நிறம், வெளியில் வைத்தாலும் சில நாள் வாடாது. இங்கே கடைகளில் நான் பார்த்ததில்லை. சிங்கப்பூர் அரசு உள்ளூர் உணவு உற்பத்தி இலக்குகளை 2035க்கு என்று திருத்தியபோது காய்கறி, பயற்றமுளையோடு காளானையும் சேர்த்திருக்கிறார்கள். குளிரூட்டச் செலவில்லாத பால் காளானை நம் பண்ணைகள் ஒருமுறை வைத்துப் பார்க்கலாம் என்பது என் ஆசை.

சத்தில்?

இங்கேதான் விளம்பரங்கள் அதிகம் பொய் சொல்கின்றன. இறைச்சிக்குச் சமமான புரதம் என்பார்கள். பச்சைக் காளான் 100 கிராமில் மொட்டிலும் சிப்பியிலும் புரதம் சுமார் 3 கிராம், ஷிடாகேவில் 2 கிராமுக்குச் சற்று மேல். மீதியில் பெரும்பகுதி, ஏறத்தாழ 90 விழுக்காடு, தண்ணீர். எனவே பருப்பை நிறுத்திவிட்டுக் காளானை நம்பக்கூடாது.

உண்மையான வித்தியாசம் எர்கோதயோனின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளில் இருக்கிறது. 1909இல் பிரெஞ்சு வேதியியலாளர் டான்ரே கண்டறிந்தது. நம் உடலால் அதைத் தயாரிக்க முடியாது. ஆனால் உணவிலிருந்து அதை உள்ளே இழுத்துக்கொள்வதற்கென்றே ஒரு கடத்திப் புரதம் நம் செல்களில் இருப்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். தேவையில்லாத ஒன்றுக்கு உடல் ஏன் தனி வாசல் வைக்கப்போகிறது என்பதுதான் ஆய்வாளர்களின் ஆர்வம். தேசியப் பல்கலைக்கழகத்தில் பாரி ஹாலிவெல் குழுவும் இதைத் தொடர்ந்து ஆராய்கிறது. லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள முதியவர்களின் ரத்தத்தில் இதன் அளவு குறைவாக இருந்ததைப் பதிவு செய்தது. உலர் எடையில் பார்த்தால் சிப்பியிலும் ஷிடாகேவிலும் இது வெள்ளை மொட்டைவிடப் பல மடங்கு அதிகம். சூட்டில் சிதையாது, நீரில் கரையும். அதனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டக்கூடாது.

ஷிடாகேவின் பெயரைச் சொல்லிப் புற்றுநோய் மாத்திரை விற்பவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து பிரித்த லென்டினான் என்ற பொருளை ஜப்பான் 1985இல் இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக ஏற்றது உண்மை. ஆனால் அது கீமோதெரபியோடு மருத்துவமனையில் போடும் ஊசி. சூப்பில் மிதக்கும் காளானும் டப்பாவில் வரும் மாத்திரையும் அந்த ஊசி ஆகாது. சிப்பியில், ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்தான லோவாஸ்டாடின் இருப்பதும் உண்மைதான். அதற்காகக் கொழுப்பு மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

அடுப்பில்

எந்த வகையானாலும் நன்றாக வேகவேண்டும். அரைவேக்காட்டு ஷிடாகே சிலருக்கு உடம்பெங்கும் சாட்டையால் அடித்ததுபோல் சிவப்புக் கோடுகளை வரவழைக்கும்; மொட்டில் இயற்கையாக உள்ள அகாரிட்டின் என்ற வேண்டாத பொருளும் சமைக்கும்போது பெருமளவு குறையும். ஊசிக் காளானில் லிஸ்டீரியா கிருமி வந்து 2020இல் அமெரிக்காவில் உயிர்ச்சேதமே ஏற்பட்டது. யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள், குறிப்பாக உலர்ந்த ஷிடாகேவை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது.

ருசியில் உலர் ஷிடாகேவை மிஞ்ச ஒன்றுமில்லை. குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து அந்த நீரோடு ரசம் வைத்தால் வீடே மணக்கும். மொட்டு, குழந்தைகளுக்குப் பிடிக்கும், பிரியாணிக்கும் சரி. ஆனால் நம் மிளகு வறுவலுக்குச் சிப்பிதான். கத்தி வேண்டாம், நீளவாக்கில் கையாலேயே கிழிக்கலாம். எண்ணெய் இல்லாமல் காய்ந்த சட்டியில் போட்டு, விடும் தண்ணீர் அதிலேயே வற்றியதும் எண்ணெய், சோம்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கடைசியில் இடித்த மிளகு. ஓரம் லேசாக முறுகியதும் இறக்கிவிட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது சிப்பி. அம்மாவுக்காக அதில் இன்னொரு வேலையும் செய்கிறோம். காளானில் உள்ள எர்கோஸ்டெரால், புறஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறும். நறுக்கிய காளானை உச்சி வெயிலில் கால் மணி நேரம் வைத்தாலே 100 கிராமுக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் வரை ஏறும். பல நாடுகள் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் அளவே 10 முதல் 20 மைக்ரோகிராம்தான். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் பலன் இல்லை, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அம்மா முறத்தில் வெள்ளைத் துணி விரித்து, குடையின் மடிப்புப் பக்கம் மேலே பார்க்கும்படி ஒவ்வொன்றாக அடுக்குவார். வீட்டு வாசலுக்கு எதிரே தாழ்வாரத்தில் வெயில் விழும் இடத்தில், வடகம் காயப்போட்டவர்போல் பக்கத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.