ஐஸ்லாந்தைச் சுற்ற வேனா, காரா?

மாங்கூழ் ஆலையில் சீசன் ஓய்ந்ததும், ஆகஸ்டில், கிருஷ்ணகிரியிலிருந்து நாலு பேர் ஐஸ்லாந்துக்குக் கிளம்பினோம். நானும் மனைவியும், தங்கச்சியும் மாப்பிள்ளையும். எனக்குப் படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் வேன்மேல் ஆசை. தங்கச்சிக்கோ கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஓர் அறை வேண்டும். பேசிப் பார்த்தும் ஒத்துவரவில்லை. சரி என்று நாங்கள் வேன் எடுத்தோம். அவர்கள் சின்னக் கார் எடுத்து, வழியெல்லாம் விடுதிகளில் முன்கூட்டியே அறை போட்டார்கள். இருவருக்கும் அதே சாலை, அதே பத்து நாள்.

சாலை என்றால் தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் வட்டச் சாலை. சுமார் 1,320 கிலோமீட்டர். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், தார் ரோட்டில் 90-க்கு மேல் போகக்கூடாது. ஆர்டிஓ ஆபீசில் வாங்கிய சர்வதேச லைசென்ஸைக் கையில் வைத்திருந்தோம். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே வண்டி இறக்கிய ஆளுக்கு அங்கே எதிர்வரும் வாகனத்தைப் பார்த்துப் பயமே வராது. காற்றைப் பார்த்துத்தான் பயம் வரும்.

வேனுக்கும் காருக்கும் நான் கண்ட பெரிய வித்தியாசமும் அந்தக் காற்றுதான். தெற்குக் கரையில் வீக் என்ற சிற்றூரிலிருந்து ஹெப்ன் வரை சுமார் 270 கிலோமீட்டர். நடுவில் ஸ்கெய்தாரா ஆறு கொண்டுவந்து கொட்டிய கருமணல் வெளி, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. 1974-ல் இங்கே பாலம் கட்டி முடித்த பிறகுதான் வட்டச் சாலையே வட்டமானது. 1996-ல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய தண்ணீர் வெள்ளமாக வந்து பாலத்தை உடைத்தது. முறுக்கிப் போட்ட இரும்பு உத்தரங்களை இன்னும் சாலையோரம் பார்க்கலாம்.

நாங்கள் அந்த வெளியைக் கடக்க வேண்டிய நாளில் வானிலைத் துறை மஞ்சள் எச்சரிக்கை விட்டது. வேனின் உயரமான பக்கவாட்டுத் தகடு காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. நாங்கள் வீக் முகாம் மைதானத்திலேயே இன்னொரு இரவு தங்கிவிட்டோம். எங்களுக்கு எங்கேயும் அறை காத்திருக்கவில்லை. தங்கச்சிக்கு ஹெப்னில் பணம் கட்டிய அறை, ரத்து செய்தால் திரும்பி வராது. போனார்கள். மணல் அடித்து முன்பக்க பெயின்ட் சொரசொரத்துப் போனது. மணல், சாம்பல் சேதத்துக்கு அங்கே தனிக் காப்பீடு உண்டு. மாப்பிள்ளை அதை எடுத்திருந்ததால் தப்பித்தார்.

எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரிக்கரையில் வேனை நிறுத்திக் கதவைத் திறந்தேன். பின்னாலிருந்து வந்த காற்று கதவைப் பிடுங்கி மறுபக்கம் மடக்கிவிட்டது. எங்கள் வாடகைக் கம்பெனியின் காப்பீட்டில் காற்றால் மடங்கிய கதவு சேராதாம். எழுத்து பொடியாக இருந்தது, நான் படிக்கவில்லை. வண்டி மூக்கைக் காற்றை நோக்கி நிறுத்தி, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்க வேண்டும் என்பது காசு கொடுத்துக் கற்ற பாடம். இது காருக்கும் பொருந்தும் என்றாலும், வேன் கதவு பெரிது, பில்லும் பெரிது.

வேன் எடுத்தால் நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஐஸ்லாந்தில் கேம்பர் வேனில் இரவு தங்க முகாம் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். சாலையோரத்தில் படுத்தால் அபராதம். வேனில் கிடைக்கும் சுதந்திரம் வேறு மாதிரி: எந்த மைதானம் என்பதைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிவு செய்துகொள்ளலாம். அதில் பாதியும் காற்றுக்குப் பயந்து ஒதுங்குவதற்கே செலவாகிறது என்பது வேறு விஷயம்.

மீதிப் பாதி காலையில் கிடைக்கிறது. ஆறு மணிக்கே வீக் பக்கத்திலுள்ள ரெய்னிஸ்ஃப்யாரா கருமணல் கடற்கரையில் இருந்தோம். தங்கச்சி கோஷ்டி காசு கட்டிய காலைச் சாப்பாட்டை விட மனமில்லாமல், டூரிஸ்ட் பஸ்களோடு சேர்ந்து வந்தது. (அங்கே கடலுக்கு முதுகு காட்டக்கூடாது. திடீரென்று நீளும் அலை ஆட்களை இழுத்துப்போயிருக்கிறது.) மாப்பிள்ளைக்கு பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறை. அறுகோணத் தூண்களாக நிற்கும் எரிமலைப் பாறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு மாமா அறுத்தது, லைன் இவ்வளவு சுத்தமா இருக்கு?" என்றார். எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது தானாக விட்ட வெடிப்பு அது. எங்கள் ஊர்ப் பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம், இந்தத் தீவின் மூத்த பாறைக்கே ஒன்றரைக் கோடி சொச்சம்தான் என்றதும் அவருக்கு ஒரே பெருமை.

சாப்பாட்டில் வேன் ஜெயிக்கும் என்று நினைத்தேன், இல்லை. ஒற்றை அடுப்பில் ராகி களி கிண்டினால் வண்டியே ஆடுகிறது. ஹர்த்ஃபிஸ்குர் என்று அவர்கள் வெண்ணெய் தடவித் தின்னும் காய்ந்த மீன், நம்ம கருவாட்டுக்குச் சொந்தக்காரன். அதை வாங்கி வேனுக்குள்ளேயே குழம்பு வைத்தேன். இரண்டு நாள் போர்வையெல்லாம் மீன் வாடை, மனைவி பேசவில்லை. தங்கச்சி தங்கிய விடுதிகளில் பலவற்றில் பொதுச் சமையலறை இருந்தது. அப்புறம் நாங்களே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தோம்.

குளியலுக்கு வேன்காரர்களின் கதி ஊர் நீச்சல்குளம்தான். சின்ன ஊரில்கூட பூமிச் சூட்டில் வெந்நீர்க் குளம் இருக்கும். ஆனால் இறங்கும் முன் பொது ஷவரில் துணியே இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம்தான், இருந்தாலும் ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்ட எனக்கே முதல் நாள் கூச்சமாக இருந்தது.

செலவுக் கணக்கு இருவர் என்றால் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேனுக்கு வாடகையும் டீசலும் கூடுதல், மைதானத்தில் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். காரில் அந்த மிச்சத்தைக் கோடைக்கால அறை வாடகை விழுங்கிவிடும். நாலு பேராக ஒரே காரில் போய், சமையலறையோடு வீடு எடுத்தால் கார்தான் மலிவு. சாலை எண் எஃப் என்று தொடங்கும், தீவின் உட்பகுதி மலைப் பாதைகளில் இரண்டுமே உதவாது. நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் 4x4 வண்டி இல்லாமல் அங்கே நுழையவே கூடாது.

தென்மேற்குக் கரையிலுள்ள கிரிண்டாவிக் ஊர்ப் பக்கம் போகும் திட்டம் இருந்தால், எந்த வண்டியானாலும் அன்றன்று நிலவரம் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் ஊரையே காலி செய்தார்கள், அடுத்த மாதமே பக்கத்தில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு வந்தது.

இருவராக, ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, பத்து நாளுக்குக் குறையாமல் போனால் நான் வேனுக்கே ஓட்டுப் போடுவேன். குளிர்காலம், குழந்தைகள், ஐந்தே நாள் லீவு என்றால் கார். அடுத்த தடவை அம்மாவும் வருகிறேன் என்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு ஐந்து டிகிரிக் குளிரில், டார்ச் அடித்துக்கொண்டு மைதானத்தின் கோடியில் இருக்கும் கழிப்பறைக்கு அவரை நடத்திப்போக முடியாது. கார்தான் புக் செய்யப்போகிறேன். தங்கச்சிக்கு இன்னும் சொல்லவில்லை.