டைரக்டரைத் தேடிப் போய்த் தங்கிய செட்டிநாட்டு வீடு

கானாடுகாத்தான் பக்கம் பழைய நகரத்தார் வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள், அங்கே மூன்று நாள் தங்கிவிட்டு வந்து எழுதுகிறேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. டிஸ்கஷனுக்குப் போனோம். செட்டிநாட்டில் நடக்கிற ஒரு சூப்பர் ஹீரோ கதை என்னிடம் இருக்கிறது, நண்பரிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது, டைரக்டர்தான் இல்லை. சென்னையில் ஆபீஸில் உட்கார வைத்துக் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள், ஆளுக்கு ஒரு நாள் அந்த வீட்டுக்கே வரவழைத்துப் பார்ப்போம் என்று நண்பர்தான் சொன்னார்.

பல்லவன் ரயிலில் ராத்திரி காரைக்குடியில் இறங்கினால் கார் அனுப்புகிறார்கள், அதற்குத் தனிக் காசு. வாடகை கொஞ்சம் கூடத்தான். ஆனால் வளவில், அதாவது உள்முற்றத்துப் பகுதியில், கால் வைத்ததும் தரையில் பதித்த அந்த ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும் பாருங்கள், அப்போது வாடகை மறந்துவிடும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பாதி அறைகள் பூட்டியே இருக்கின்றன, அதெல்லாம் மற்ற பங்காளிகளுடையது, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வரும்போதுதான் திறப்பார்களாம்.

குறை என்றால் வைஃபை. சுவர் இருக்கிற கனத்துக்கு முகப்பைத் தாண்டி சிக்னல் வராது. இரண்டாம் நாள் கரண்ட் போனபோது ஜெனரேட்டர் போட ஆள் தேடி முக்கால் மணி நேரம் விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்துத்தான் அன்றைக்கு வந்த டைரக்டர் லேப்டாப்பில் டெமோ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். சார்ஜ் தீர்ந்ததும் அவரிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை, பாவம். முதல் நாள் வந்தவர் இன்னும் மேலே, வீட்டைப் பார்த்துவிட்டு “சூப்பர் சார், இதை அப்படியே செட் போட்டுரலாம்” என்றார். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு!

மூன்றாவது ஆள் சின்னதாக ஒரே ஒரு படம் செய்தவர், அதுவும் குடும்பக் காமெடி. வந்ததும் கதையைப் பற்றிப் பேசவே இல்லை, மொட்டை மாடிக்கு ஏறி ஓட்டுக்கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்டார், “அண்ணே, உங்க ஹீரோ இது மேல குதிச்சா ஓடு உடையும்ல, மாத்துற காசை எந்தப் பங்காளி குடுப்பாரு?” நண்பர் சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இரண்டு வருஷமாக அந்தக் கதையை எழுதுகிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. கீழே வந்து இன்னொன்று சொன்னார்: இந்த ஊரில் முகமூடி போட்டுப் பிரயோஜனம் இல்லை, நடையை வைத்தே யார் வீட்டுப் பையன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் நகரத்தார் பிரிவுகளான ஒன்பது கோயிலில் நீ எந்தக் கோயில் என்று முகமூடியிடமே கேட்பார்கள்.

ஆக்‌ஷனே எடுத்ததில்லையே என்று நண்பருக்குப் பயம். அதற்கு நான் சொன்னது, மலையாள சூப்பர் ஹீரோ படம் மின்னல் முரளி (2021) எடுத்த பேசில் ஜோசப் அதற்கு முன்னால் எடுத்தது கிராமத்துக் காமெடிகள்தானே. 2002ல் ஸ்பைடர்மேன் எடுத்த சாம் ரெய்மி குறைந்த செலவில் பேய்ப்படம் எடுத்துப் பேர் வாங்கியவர். சண்டைக்கு ஸ்டண்ட் மாஸ்டர் இருக்கிறார், கிராபிக்ஸுக்கு ஆள் இருக்கிறார், ஓடு உடைந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க டைரக்டர்தான் வேண்டும். டைரக்டரோடு சண்டை போடுவதானாலும் இப்போதே போட்டுவிடலாம், ஆன்ட்மேன் என்ற சூப்பர் ஹீரோ படத்துக்கு வருஷக்கணக்கில் வேலை பார்த்த எட்கர் ரைட் 2014ல் ஷூட்டிங் நெருங்குகிற நேரத்தில் ஒத்துவராமல் விலகிப் போனாரே. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் போட்டோம். விடுதிக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்கே ஒரு ஸ்டார் கூடக் கொடுக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. காலையில் வெள்ளைப் பணியாரம், அதுவும் ஓரம் முறுகி நடுவில் பஞ்சு மாதிரி, வரமிளகாய்த் துவையலோடு. ஒரு நாள் இட்லிக்குக் கோசமல்லி, கத்தரிக்காயைச் சுட்டுக் கையால் பிசைந்தது. கவுனி அரிசியும் கேட்டால் செய்து தருவார்கள், முந்தின நாளே சொல்லிவிடணும், ஊறணும். கோழி வறுவல் சுமார்தான், ஊருக்கு வருகிறவர்களுக்கு என்று காரத்தைக் குறைத்துவிட்டார்கள்.

ஏவிஎம் ஸ்டூடியோ வடபழனிக்குப் போவதற்கு முன்னால் காரைக்குடி பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது, நாம் இருவர் (1947) அங்கே எடுத்த படம். அந்த வழியாகத்தான் ஒரு சாயங்காலம் நடந்து வந்தோம். மூன்றாவது ஆள்தான் டைரக்டர் என்று முடிவானது அப்போதுதான்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு. போனால் உள்ளே தள்ளி இருக்கிற இரண்டாம் கட்டில் அறை கேளுங்கள், முகப்பில் கொடுத்தால் விடியற்காலை பஸ் ஹாரன். மொட்டை மாடிச் சாவி கேட்டால் ஆபீஸில் இல்லை என்பார்கள். சமையற்கட்டில் இருக்கிற ஆச்சியிடம் கேளுங்கள், முந்தானையில்தான் முடிந்து வைத்திருக்கிறார்.