கேட் ஸ்கேல்: பிக்கப்பில் டிரெய்லர் இழுப்பவர்கள் ஒரு தடவையாவது ஏற வேண்டிய எடைமேடை

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு டிரக் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தியிருந்தால் 'கேட் ஸ்கேல்' என்று உயரமாக ஒரு பலகை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பதினெட்டுச் சக்கர லாரிகளுக்கான எடைமேடை. ஊரில் மணல் லாரியும் நெல் லாரியும் ஏறி இறங்குமே, அதே சங்கதிதான், கொஞ்சம் நாகரிகமாக. காரில் போகிற நமக்கு அங்கே என்ன வேலை என்று கடந்து போய்விடுவோம். பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டியிருக்கிறீர்கள் என்றால் கடந்து போகாதீர்கள், உள்ளே திருப்புங்கள். டிரெய்லர்காரர்களுக்கு என்று கடையில் விற்கிற கேமரா, சென்சார், அகலக் கண்ணாடி எல்லாவற்றையும்விட அங்கே கிடைக்கிற ஏறக்குறைய 15 டாலர் சீட்டுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது.

கம்பெனி 1977இல் தொடங்கியது, தலைமையகம் அயோவாவில் வால்காட் என்ற ஊரில். இப்போது அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 2,000 இடங்களுக்கு மேல் இருக்கிறது. லாரிக்காரர்கள் இதை நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. இவர்கள் மேடையில் எடை சரி என்று சீட்டு வாங்கிய பிறகும் அரசு எடைச்சாவடியில் அதிக எடை என்று அபராதம் விழுந்தால், அபராதத்தைக் கட்டுவோம் அல்லது கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்வோம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். நமக்கு அந்த உத்தரவாதம் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் அந்த அளவு துல்லியம் நமக்கும் கிடைக்கிறது.

சரி, எதற்காக எடை போட வேண்டும்? டிரெய்லர் வாங்கப் போன இடத்தில் விற்பனைக்காரர் என் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுவா, இதைவிடப் பெரிசையே அலட்சியமா இழுக்கும் சார்" என்றார். கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. இங்கே வியாபாரம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு. 2021 எஃப்-150 வந்தபோது அதிகபட்சம் 14,000 பவுண்டு இழுக்கும் என்று ஃபோர்டு விளம்பரம் செய்தது. பொய் இல்லை. ஆனால் அது குறிப்பிட்ட இன்ஜினும் இழுப்பதற்கென்று தனியாகச் சேர்த்து வாங்குகிற குறிப்பிட்ட டோயிங் பேக்கேஜும் இருக்கிற வண்டிக்கான எண். வாகனப் பொறியாளர் சங்கத்தின் எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற தரநிலைப்படி, வண்டிக்குள் டிரைவரும் இன்னொருவரும் தலா 150 பவுண்டு என்று வைத்துத்தான் இந்தக் கணக்கே போடுகிறார்கள். பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, பின்னால் சாமான் வைக்கிற தட்டில் சைக்கிள் இல்லை, ஐஸ்பெட்டி இல்லை. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கத்து ஏற்றத்தில் சுடுவெயிலில் ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும் என்று அதில் ஒரு சோதனைகூட உண்டு. நல்ல சோதனைதான். அது இன்ஜினுக்கு.

இழுப்பது வேறு, சுமப்பது வேறு. டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பின்னால் இருக்கிற ஹிட்ச் என்ற இணைப்புக் கொக்கியின் மேல் உட்கார்கிறதே, அந்தப் பாரத்தை பிக்கப் இழுக்கவில்லை, சுமக்கிறது. சாதாரண டிரெய்லரில் அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், பிக்கப்பின் பின்தட்டிலேயே மூக்கு உட்காருகிற ஐந்தாம் சக்கர டிரெய்லர் என்றால் 15 முதல் 25 வரை போகும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று எழுதியிருக்கும். என் வண்டியில் அது 1,620. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,000 பவுண்டு டிரெய்லர், 13 சதவீதம் என்றால் மூக்குப் பாரம் மட்டும் 910. பாரத்தைப் பங்கிடுகிற கம்பிகள் வைத்த ஹிட்ச் சுமார் 100 பவுண்டு. மிச்சம் 610. நாலு பேர் உள்ள குடும்பமும் ஒரு ஜெனரேட்டரும் ஏறினால் தீர்ந்தது. விளம்பரத்தில் இருக்கிற எண்ணில் பாதிதான் இழுக்கிறோம், ஆனால் ஸ்டிக்கர் அதற்கு முன்னாலேயே கையை விரித்துவிட்டது.

அதோடு டிரெய்லரின் எடை என்ன என்றே பலருக்குத் தெரியாது. கையேட்டில் போட்டிருப்பது காலி எடை. என் டிரெய்லருக்கு 5,150 என்று இருந்தது, மேடையில் 6,340 வந்தது. தண்ணீர் ஒரு காலன் எட்டேகால் பவுண்டுக்கு மேல், 40 காலன் நிரப்பினால் 330ஐத் தாண்டும். நிரப்பிய கேஸ் சிலிண்டர் இரண்டு, பேட்டரி, நாற்காலிகள், பாத்திரம், ஆளுக்கொரு பெட்டி. வெட் கிரைண்டரை விட்டுவிட்டு வரலாமே என்று சொல்லிப் பார்த்தேன், எங்கள் வீட்டில் அதற்குப் பதிலே வரவில்லை, முறைப்புதான் வந்தது.

எடை போடுகிற முறை சுலபம். மேடை மூன்று தனித்தனிப் பலகைகளாக இருக்கும். பிக்கப்பின் முன்சக்கரம் முதல் பலகையில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில். பக்கத்தில் இருக்கிற இன்டர்காம் பொத்தானை அழுத்தினால் உள்ளிருந்து குரல் வரும், முதல் எடையா மறு எடையா என்று கேட்பார்கள், கம்பெனிப் பெயர் கேட்டால் சொந்த வண்டி என்று சொல்லிவிடலாம். ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்குள் மறுபடி போட்டால் மறு எடை என்று மிகக் குறைந்த கட்டணம்தான். எனவே ஒன்றோடு நிறுத்தாதீர்கள். முதலில் எல்லாம் மாட்டி, ஆட்கள் உட்கார்ந்து, வழக்கமாகப் போகிற மாதிரியே ஒன்று. அப்புறம் ஹிட்ச் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒன்று. கடைசியாக டிரெய்லரை பார்க்கிங்கில் கழற்றி வைத்துவிட்டு பிக்கப் மட்டும்.

என் சீட்டுகளில் வந்தது இது. கம்பிகள் மாட்டியபோது முன் அச்சு 3,060, பின் அச்சு 3,920, டிரெய்லர் 5,740. கம்பிகள் இல்லாமல் 2,860, 4,280, 5,580. இரண்டிலும் மொத்தம் 12,720. பிக்கப் மட்டும் 6,380. மொத்தத்தில் அதைக் கழித்தால் டிரெய்லர் 6,340. கம்பிகள் இல்லாதபோது பிக்கப்பின் இரண்டு அச்சும் சேர்ந்து 7,140, அதில் 6,380ஐக் கழித்தால் மூக்குப் பாரம் 760, அதாவது சரியாக 12 சதவீதம். சந்தோஷம். ஆனால் பின் அச்சைப் பாருங்கள். என் வண்டியின் பின் அச்சுக்கு எல்லை 4,050, மொத்த வண்டிக்கு எல்லை 7,050. கம்பிகள் இல்லாமல் பின் அச்சு 4,280, வண்டி 7,140. இரண்டுமே எல்லைக்கு வெளியே. கம்பிகள் மாட்டினால் 200 பவுண்டு முன் அச்சுக்கும் 160 பவுண்டு டிரெய்லர் சக்கரங்களுக்கும் திரும்பிப் போகிறது, இரண்டும் எல்லைக்குள் வந்துவிடுகின்றன, அதுவும் மயிரிழையில். கண்ணால் பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது. வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்சத் தாழ்வுதான் விஷயம். பின்பக்கம் அமுங்கும்போது முன்பக்கம் லேசாகிறது. ஸ்டீயரிங் பிடிக்காது, பிரேக் போட்டால் அதிக வேலை செய்ய வேண்டிய முன்சக்கரங்களில் பிடி குறைகிறது, ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கிறது. இதற்குப் பின் அச்சின் மேல் வண்டியைத் தூக்கிப் பிடிக்கிற காற்றுப் பை (ஏர்பேக்), கூடுதல் ஸ்பிரிங் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். வண்டி நேராக நிற்கும், உண்மைதான். அச்சின் எல்லையும் டயரின் எல்லையும் பிரேக்கின் எல்லையும் ஒரு பவுண்டுகூட ஏறாது. அதிகப் பாரம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அதுதான் அதில் கிடைக்கிற ஒரே லாபம்.

சரி, மூக்குப் பாரம்தானே தொல்லை, சாமானையெல்லாம் டிரெய்லரின் பின்னால் தள்ளிவிடலாம் என்று தோன்றும். அது இன்னும் மோசம். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்குத் தெரியும், முன்பாரம் ஏறினால் மாட்டுக்குக் கழுத்து வலி, பின்பாரம் ஏறினால் நுகத்தடியே மேலே தூக்கிவிடும். டிரெய்லரில் பின்பாரம் ஏறினால் ஆட்டம் தொடங்கும். பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடக்கிறது, காற்று தள்ளுகிறது, டிரெய்லர் இடம் வலம் என்று ஊசலாடும், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிசாகும், கொஞ்ச நேரத்தில் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்துவிடும். டல்லாஸ் பக்கத்திலிருந்து அமரில்லோவுக்கு 287ஆம் நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் வந்தால் பிக்கப் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது. நேராகப் பிடித்துக்கொண்டு, காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுக்க வேண்டும். அந்த லீவர் டாஷ்போர்டில் எங்கே இருக்கிறது என்று இப்போதே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயர் இன்னொரு கதை. டிரெய்லருக்கென்றே வருகிற எஸ்.டி. வகை டயர்களில் வேறாகக் குறிப்பிடவில்லை என்றால் 65 மைல்தான் வேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டெக்சாஸில் 75 என்று பலகை இருப்பதால் எல்லோரும் 75இலேயே போகிறார்கள். 205/75ஆர்14 அளவு, லோட் ரேஞ்ச் சி என்ற பாரத் தரம் உள்ள டயர் ஒன்று தாங்குவது 1,760 பவுண்டு, அதுவும் காற்று முழு 50 பி.எஸ்.ஐ. இருந்தால். காற்று குறைவு, பாரம் அதிகம், ஆகஸ்ட் வெயில், வேகம் நாலும் ஒன்றாகச் சேர்ந்தால் டயர் சூடேறி உரிந்துவிடும். சாலை ஓரத்தில் கறுப்பாகக் கிடக்கிற ரப்பர் துண்டுகளில் லாரி டயர் மட்டும் இல்லை.

ஆனால் உண்மையில் நான் அதிகம் பயப்படுவது கேம்பிங் டிரெய்லரைப் பார்த்து இல்லை, வீட்டு வேலைக்கு எடுத்துப் போகிற ஒற்றை அச்சு சின்ன டிரெய்லரைப் பார்த்துத்தான். அதில் பலவற்றில் எல்லை 2,990 பவுண்டு என்று போட்டிருக்கும். ஏன் அந்த எண்? பல மாநிலங்களில் 3,000ஐத் தாண்டினால் டிரெய்லருக்கு பிரேக் வேண்டும் என்று சட்டம். டெக்சாஸில் 4,500 வரை சும்மா போகலாம். ஆக அந்தச் சின்ன டிரெய்லருக்குப் பிரேக்கே இருக்காது. தன் எடை போக அது சுமப்பது சுமார் 2,000 பவுண்டு. தோட்டத்துக்கு ஜல்லி வாங்கப் போனால் லோடர்காரர் ஒரு கியூபிக் யார்டு என்று ஒரே அள்ளில் கொட்டுவார், அது மட்டுமே 2,700, 2,800 வரும். பார்க்க டிரெய்லரில் கால்வாசிகூட நிறைந்திருக்காது. இன்னொரு அள்ளு போடட்டுமா என்று வேறு கேட்பார். அரை யார்டு போதும் என்று சொல்லி இரண்டு நடையாகக் கொண்டு வாருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

மலைப்பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கொலராடோவுக்குள் நுழைகிற ரட்டான் கணவாய் 7,800 அடிக்கு மேல். ஏறும்போது இன்ஜின் திணறுவது தெரியும், இறங்கும்போது பிரேக் சூடேறுவது தெரியாது. தாழ்ந்த கியரில் இறக்குங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், அழுத்திக்கொண்டே வராதீர்கள்.

சேவையைப் பற்றிக் குறைகளும் சொல்ல வேண்டும். இன்டர்காம் பொத்தான் லாரி டிரைவர் உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள், பிக்கப்பிலிருந்து எட்டாது, கதவைத் திறந்து படியில் ஏறி நின்று அழுத்த வேண்டும். சில இடங்களில் பலகைகளின் நீளம் நம் வண்டிக்குத் தோதாக இல்லை, பின்சக்கரமும் டிரெய்லர் சக்கரமும் ஒரே பலகையில் விழாமல் பார்த்து நிறுத்த வேண்டும். இடது சக்கரம், வலது சக்கரம் என்று தனித்தனியாக எடை கிடைக்காது, அதனால் டிரெய்லரில் ஒரு பக்கம் பாரம் சாய்ந்திருந்தால் தெரியாது. சீட்டில் எண்கள் மட்டும்தான், அது அதிகமா இல்லையா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கதவு ஸ்டிக்கரை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே கழித்துப் பார்க்க வேண்டும்.

'வே மை டிரக்' என்று அவர்களுடைய ஆப் இருக்கிறது, அதில் பணம் கட்டிவிட்டால் பொத்தானும் வேண்டாம், சீட்டு வாங்க உள்ளே போகவும் வேண்டாம், எண்கள் போனுக்கே வந்துவிடும். முதல் தடவையே அதைப் போட்டுக்கொள்வது நல்லது. மாலையில் லாரிகள் வரிசை கட்டும், ஞாயிறு காலையில் போனால் மேடை காலியாக இருக்கும், நிதானமாகக் கம்பிகளைக் கழற்றி மாட்டலாம். ஆனால் அந்த வேலையை மேடையிலேயே செய்யாதீர்கள், தள்ளிப் போய் நிறுத்திச் செய்யுங்கள், பின்னால் நிற்கிற லாரிக்காரருக்கு அது வேலை நேரம்.