ஈ.எஸ்.ஆர்.எஃப் பீம்டைம்: யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. ஈ.எஸ்.ஆர்.எஃப் பிரான்சின் கிறெனோபிளில் இருக்கும் சிங்க்ரோட்ரோன்; இலத்திரன்களை வளையத்தில் வேகமாகச் சுற்றவிட்டு வலுவான எக்ஸ் கதிர்க் கற்றை எடுக்கும் நிலையம். அந்தக் கற்றையில் அளக்க ஒதுக்கும் நேரமான பீம்டைமை எந்த நாட்டவரும் கேட்கலாம். முடிவுகளை வெளியிடச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. வருடத்துக்கு இரண்டு விண்ணப்பச் சுற்று. வளையம் 844 மீற்றர், இலத்திரன்களின் சக்தி 6 கிகா இலத்திரன்வோல்ற்று. 2020இல் புதிய வளையத்தோடு திறந்த பிறகு கற்றை இன்னும் கூர்மை. வசதியில் குறை சொல்ல அதிகமில்லை. சறுக்குவது முன்மொழிவில்தான்.

‘ஏன் இங்கேதான் செய்யவேண்டும்?’ மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது இதற்கான பதிலை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சூரியக்கலத்துக்குத் தைத்தேனியமீரொட்சைட்டுப் படலம் செய்கிறவர் ‘கட்டமைப்பை ஆராய’ என்று எழுதினால் கதை முடிந்தது. கையிலுள்ள எக்ஸ்.ஆர்.டி (பளிங்குகள் எக்ஸ் கதிரைத் திருப்பும் கோணங்களைப் பதியும் அளவீடு) வரைபைப் போடுங்கள். துணிக்கை சில நனோமீற்றர்தான் என்பதால் உச்சிகள் அகன்று கலந்துகிடப்பதைக் காட்டுங்கள். சிங்க்ரோட்ரோனில் கதிரின் சக்தியை மாற்றி மாற்றி உறிஞ்சலை அளக்கலாம்; தைத்தேனியத்தின் உறிஞ்சல் திடீரென ஏறும் இடம் கே விளிம்பு. அதற்குச் சற்று முன்னால் வரும் சிறு உச்சிகள், தைத்தேனியத்தைச் சுற்றி ஒட்சிசன் 4ஆ, 5ஆ, 6ஆ என்று சொல்லிவிடும். உங்களுக்கு வேண்டியது அது என்று எழுதுங்கள்.

அந்த விளிம்பு 4.966 கிலோ இலத்திரன்வோல்ற்றில். தெரிவுசெய்த பீம்லைன் (வளையத்திலிருந்து கற்றை வந்துசேரும் அளவீட்டு நிலையம்) 5 கிலோ இலத்திரன்வோல்ற்றிலிருந்துதான் தொடங்கினால் எழுதியதெல்லாம் வீண். இவ்வளவு குறைந்த சக்தியில் காற்றே கதிரை நன்றாக உறிஞ்சும், தடித்த மாதிரியை ஊடுருவவும் மாட்டாது. ஃபுளோரசன்ஸ் முறையில் (மாதிரி திருப்பி உமிழும் கதிரை வைத்து) அளக்கலாமா, மாதிரி எவ்வளவு மெல்லியதாக இருக்கவேண்டும் என்று பீம்லைன் விஞ்ஞானியிடம் இறுதித் திகதிக்கு ஒரு மாதம் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் போடுவது அவர்களுக்கு வேலையின் ஒரு பகுதி, கூச்சம் வேண்டாம்.

ஒரு ஷிப்ட் 8 மணித்தியாலம். 12 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிட ஸ்கான் மூன்று: 12 மணித்தியாலம். மாதிரி மாற்ற 2, சீராக்கவும், ஒப்பிடுவதற்குத் தைத்தேனியத் தகடு, அனற்றேஸ், றூட்டைல் (பின்னிரண்டும் தைத்தேனியமீரொட்சைட்டின் பளிங்கு வடிவங்கள்) அளக்கவும் 4. மொத்தம் 18, ஆகவே 3 ஷிப்ட். இந்தக் கணக்கை அப்படியே எழுதுங்கள்; காரணம் காட்டாமல் 9 கேட்டால் வெட்டுவார்கள், அல்லது முழுதாகவே நிராகரிப்பார்கள்.

மாதிரி ஈயம் கலந்த பெரொவ்ஸ்கைற்று (இன்னொரு சூரியக்கலப் பொருள்) என்றால் நிறை, பொதி செய்யும் விதம், கழிவு எங்கே போகும் என்பதைப் பாதுகாப்புப் பகுதியில் மறைக்காமல் போடவேண்டும்.

பெரிய இடைஞ்சல் பயணச்செலவு. இலங்கை உறுப்பு நாடல்ல, டிக்கெட்டை அவர்கள் தருவார்கள் என்று எண்ணவேண்டாம். மாதிரியைத் தபாலில் அனுப்பினால் அளந்து தருவார்களா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.