அடுத்தவர் கையில் இருக்கும் டொமைன்: கேட்பதா, ஆள் வைப்பதா, காத்திருப்பதா?

நீங்கள் விரும்பும் பெயரின் டாட் காம் டொமைன், அதாவது இணையதள முகவரி, ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறது. அதைப் பெற நான்கு வழிகள்: நேராகக் கேட்கலாம், புரோக்கரை வைத்துப் பேசலாம், அவர் புதுப்பிக்காமல் விடும்வரை காத்திருக்கலாம், புகார் கொடுத்து மீட்கப் பார்க்கலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு முதல் வழியே போதும். மற்றவை அதைவிடச் சுலபமாகத் தெரிவதுதான் சிக்கல்.

காத்திருப்பது செலவில்லாத வழி போலத் தோன்றும். காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, அன்று நள்ளிரவே பெயர் விடுபட்டுவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. டாட் காம் அப்படி உதிர்வதில்லை. தேதி தாண்டிய பிறகும் ரிஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) 45 நாள் வரை அதை வைத்திருக்கலாம். அப்புறம் பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள். அதற்கும் பிறகு நீக்கத்துக்கு 5 நாள். நல்ல பெயர் என்றால் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்துக்கே வராது, இடையிலேயே ஏலத்துக்குப் போய்விடும். தப்பித்தவறி வந்தாலும் விடுபடும் பெயர்களைப் பிடித்துத் தர முன்பதிவு வாங்கும் நிறுவனங்களின் கணினிகள் நொடியில் பிடித்துவிடும். அவர்களிடம் நீங்களும் சொல்லி வைக்கலாம். பிடித்துக் கொடுத்தால் மட்டும் பணம் வாங்குபவர்களும் உண்டு. ஆனால் ஒரு பெயரை 10 ஆண்டு வரை முன்கூட்டியே புதுப்பித்துவிட முடியும் என்பதால், இதை மட்டும் நம்பியிருப்பது இலவு காத்த கிளி கதைதான்.

புகார் வழி இன்னும் குறுகலானது. டொமைன் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகேன் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த யுடிஆர்பி என்ற புகார் நடைமுறையில் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் உங்கள் டிரேட்மார்க்கைக் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடுதான் பதிந்து பயன்படுத்துகிறார். அவர் டொமைனைப் பதிந்த பிறகு தொடங்கிய நிறுவனம் உங்களுடையது என்றால் மூன்றாவது அநேகமாகத் தேறாது. ‘அபகரிக்கப் பார்த்தார்’ என்று தீர்ப்பில் உங்களைப் பற்றி எழுதிவிடவும் கூடும். பெரிய நிறுவனமாக இருந்தாலும் நீதிமன்றமும் கைகொடுக்கும் என்பதற்கில்லை. நிசான் மோட்டார் 1999-ல் வழக்குப் போட்டுப் பல ஆண்டுகள் நடத்தியும், நிசான் டாட் காம் அந்தக் குடும்பப் பெயர் கொண்ட உஸி நிசான் என்பவரிடமே நின்றது.

மிஞ்சுவது பேரம். நேராகவா, புரோக்கர் மூலமாகவா?

2018-ல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து பதிவு விவரங்களில் உரிமையாளரின் பெயரும் மின்னஞ்சலும் பெரும்பாலும் மறைந்தே இருக்கின்றன. ஆனாலும் தளத்தின் தொடர்புப் பக்கமோ ரிஜிஸ்ட்ரார் தரும் படிவமோ அவரிடம் கொண்டு சேர்க்கும். புரோக்கர் சேவைகள் பலவும் முதலில் செய்வது இதே வேலைதான். அதற்கு முன்கட்டணம் கேட்டால் யோசியுங்கள்.

எழுதும்முன் அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். ‘விற்பனைக்கு’ என்ற பலகை மாட்டியிருந்தால் எதிரில் இருப்பவர் வியாபாரி; அவருக்குச் சந்தை விலை தெரியும், அவரையே விலை சொல்ல விடுங்கள். வெறும் பக்கமோ பாதியில் கைவிட்ட வலைப்பூவோ இருந்தால் நீங்களே ஒரு தொகை சொல்வது நல்லது. ‘எவ்வளவு வேண்டும்?’ என்று அவரைக் கேட்டால், கோடிகளில் விற்ற டொமைன் செய்திகளைத் தேடிப் படித்துவிட்டுப் பதில் எழுதுவார். அதற்காக அவமானப்படுத்தும் தொகையும் கூடாது. 2003-04-ல் மைக் ரோ என்ற மாணவரின் மைக்-ரோ-சாஃப்ட் (MikeRoweSoft) டாட் காம் (ஆமாம், அவர் பெயரை வைத்துச் செய்த சிலேடை) பெயருக்கு மைக்ரோசாஃப்ட் தரப்பு 10 டாலர் தர முன்வந்தது. அவர் 10,000 கேட்டார். விஷயம் உலகச் செய்தியாகி நிறுவனம் இறங்கிவர வேண்டியதாயிற்று.

புரோக்கருக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு: நீங்கள் யார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் நிலை. 2005-ல் ஃபேஸ்புக் தன் முழுப் பெயரை 2 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2010-ல், ஊரறிந்த நிறுவனமான பிறகு, எஃப்பி என்ற இரண்டே எழுத்துக்கு 85 லட்சம் டாலர் கொடுத்தது. இரண்டு எழுத்துப் பெயருக்கு எப்போதுமே மவுசு அதிகம்தான், ஆனால் வாங்குபவரின் உயரமும் அந்த விலையில் இருக்கிறது. ஆள் வைத்தால் கூலியைக் கவனியுங்கள். விற்பனை விலையில் சதவீதம் வாங்குபவருக்கு விலை ஏறுவதில்தான் லாபம். இவ்வளவுதான் என்று ஒரே தொகை பேசி முடிப்பது உங்களுக்கு நல்லது.

முதல் ‘இல்லை’யோடு விட்டுவிட வேண்டாம். காலாவதித் தேதிக்குச் சில வாரங்கள் முன்பு இன்னொரு முறை எழுதுங்கள். பயன்படாத பெயருக்கு மறுபடி பணம் கட்ட வேண்டுமா என்று அவரே யோசிக்கும் நேரம் அது. அதுவரை வேறு பெயரில் ஓட்டலாம். டிராப்பாக்ஸ் முதலில் கெட்டிராப்பாக்ஸ் டாட் காமில்தான் இருந்தது. டெஸ்லாவும் டெஸ்லாமோட்டார்ஸ் டாட் காமில் காலம் தள்ளியது. டெஸ்லா டாட் காமுக்குப் பத்து ஆண்டும் 1.1 கோடி டாலரும் ஆனதாக ஈலான் மஸ்க் 2018-ல் சொன்னார்.

விலை படிந்ததும் பணத்தை நேராக அனுப்பாதீர்கள். எஸ்க்ரோ சேவையில் (இருவருக்கும் நடுவில் பணத்தைப் பிடித்து வைக்கும் சேவை) பணத்தைப் போடுங்கள், அவர் டொமைனை உங்களுக்கு மாற்றித் தரட்டும், உங்கள் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகு பணம் விடுவிக்கப்படட்டும். இருவரும் ஒரே ரிஜிஸ்ட்ராரில் இருந்தால் மாற்றம் சட்டென முடியும். அந்த எஸ்க்ரோ தளத்தையும் விற்பவர் அனுப்பிய இணைப்பைச் சொடுக்கித் திறக்காமல் முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். போலி எஸ்க்ரோ தளங்கள் நிறைய உண்டு.